லைசென்ஸ் இல்லாத ரேடியோ

எங்கள் லயத்தில் பட்டப்பகலில் ஒரு ரேடியோ திடீரென்று அலறினால், பக்கத்தில் ஒருத்திக்கு அடி விழுகிறது என்று அர்த்தம்.

மலேசியாவில் பீடோர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. ஒரு நீளக் கட்டடத்தைப் பலகை வைத்துப் பத்து வீடாகத் தடுத்திருந்தார்கள். பலகை ஆளுயரத்துக்கு மேல் போகாது. அதற்கு மேலே பத்து வீடும் ஒரே வீடுதான். ஒரு கோடியில் தாளிக்கிற வெங்காயம் மறுகோடியில் மணக்கும். அப்படி இருக்கும்போது ஒருவன் பெண்டாட்டியை அடிக்கிற சத்தம் கேட்காமலா போகும்? கேட்கும். ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்வது மரியாதை இல்லை. அதனால் அடி தொடங்கிய உடனே அக்கம்பக்கத்தில் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். அதைக் கேட்டு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. அடிபடுகிறவளின் மானத்தைக் காப்பாற்றுகிறோமாம். இந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தேடிப் போய்ச் செருப்பால் அடித்திருப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் அந்த லயத்தில் அதிகமாக அடிபட்டவள் என் அக்கா.

எனக்கு அப்போது இருபது வயது. அக்காவுக்கு இருபத்து நான்கு. அப்பா இறந்து வெகுநாள் ஆகிவிட்டது. அம்மா பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துத்தான் எங்கள் இருவரையும் வளர்த்தாள். அக்காவை அதே லயத்தில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளிக் கட்டிக் கொடுத்தாள். கண்முன்னே இருப்பாள் என்று நினைத்தாள் பாவம். மாமா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, கோயில் திருவிழாவில் முன்னால் நிற்கிற ஆள். வீட்டுக்குள்ளே மிருகம். ஒரு தடவை அவள் சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். இன்னொரு தடவை கொதிக்கிற சோற்றுக் கஞ்சியை முதுகில் ஊற்றினார். சம்சுச் சாராயம் குடித்தால்தான் அப்படி என்று லயத்தில் சொல்வார்கள். குடிக்காத நாளிலும் அடித்திருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன். ஏன் அடித்தார் என்று காரணம் தேடி எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் அவளை ஒருநாள் கொன்றுவிடுவார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

நான் தோட்டத்து ஆபீசில் டைப் அடிக்கிற வேலை பார்த்தேன். ஐந்தாம் பாரம் வரை படித்த பெண் லயத்தில் நான் ஒருத்திதான். ஆபீசில் துரைக்கு அடுத்தபடி பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. அவர் மேசைமேல்தான் தோட்டத்தின் ஒரே டெலிபோன் இருந்தது. கறுப்பு டெலிபோன். எண்களைச் சுழற்றுகிற வட்டத்தில் ஒரு துளைக்குள் சின்னப் பூட்டு ஒன்று தொங்கும். வெளியிலிருந்து வருகிற அழைப்பை எடுக்கலாம், இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. சாவி கிராணியின் இடுப்பில் இருக்கும்.

அந்தப் பூட்டு பம்மாத்து என்று எனக்கு ஒருநாள் தெரிந்தது. கிராணி சாவியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். துரையோ ஈப்போவுக்கு உடனே பேச வேண்டும் என்று குதித்தார். கிராணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரிசீவரை வைக்கிற கொக்கியை விரலால் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்தார். மூன்று என்றால் மூன்று தட்டு. ஐந்து என்றால் ஐந்து. நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் நிறுத்த வேண்டும். ஈப்போ கிடைத்துவிட்டது. நான் டைப் அடிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லயத்துக்கு ஒரு பொது டெலிபோன் வேண்டும் என்று கேட்டு எழுதிய கடிதத்தை டைப் அடித்ததும் நான்தான். கோயில் கமிட்டித் தலைவர் கையெழுத்துப் போட்டார். பாம்பு கடித்து ஒரு குழந்தை செத்த பிறகு வந்த யோசனை அது. மூன்று மைல் தள்ளியிருந்த மலாய்க் கிராமத்துக்குக் காசு போட்டுப் பேசுகிற டெலிபோன் வந்திருந்தது. பாலத்துக்கு அப்பால் சீனர்களின் புதுக்கிராமத்திலும் ஒன்று வந்திருந்தது. நல்லது, அவர்களுக்கும் பாம்பு கடிக்கும்தானே. அந்த மலாய்க் கிராமத்துக்குப் போகிற கம்பி எங்கள் லயத்துக் கூரைக்கு மேலேதான் போயிற்று. தலைக்கு மேலே பேச்சு ஓடுகிறது, எங்களுக்கு ஒரு சொல் இறங்கவில்லை.

டெலிபோன் இலாகாவிலிருந்து பதில் வந்தது. தோட்டம் தனியார் நிலம், தனியார் நிலத்தில் அரசாங்கத் திட்டப்படி டெலிபோன் வைக்க வழியில்லை, தோட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள் என்று மலாயில் மரியாதையாக எழுதியிருந்தார்கள். நிர்வாகத்தைக் கேட்டோம். டெலிபோன் அரசாங்கத்தின் பொறுப்பு என்று நிர்வாகம் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பதில் எழுதியது. அந்தப் பதிலையும் என்னைத்தான் டைப் அடிக்கச் சொன்னார்கள். அடித்துக் கோப்பில் போட்டேன். ஒரு கடிதத்துக்குக் கீழே இன்னொரு கடிதம், இரண்டுக்கும் ஒரே ஓட்டை. பல வருடம் கழித்து ஈப்போவில் நான் குடியிருந்தபோதும் டெலிபோனுக்கு மனுப் போட்டுக் காத்துக்கிடந்தேன், ஆனால் அங்கே யாரும் நீ தனியார் நிலத்துப் பிறவி என்று சொல்லவில்லை. இன்றைக்கு அந்தப் பக்கத்தில் இன்டர்நெட் ஏன் எட்டவில்லை என்று கேட்டால், நிலம் யாருடையது என்பதில் சிக்கல் என்று யாராவது சொல்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

டெலிபோன் நுழைய முடியாத அந்தத் தனியார் நிலத்துக்குள் ரேடியோ லைசென்ஸ் மட்டும் தாராளமாக நுழைந்தது. அப்போது ஒவ்வொரு ரேடியோவுக்கும் வருடத்துக்கு ஒரு லைசென்ஸ் எடுக்க வேண்டும். எடுக்காத வீட்டு ரேடியோவைப் பறிமுதல் செய்ய ஆட்கள் வேனில் வருவார்கள். லயத்தில் முக்கால்வாசிப் பேர் எடுக்கவில்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். வேன் முதலில் ஆபீசுக்கு வந்துதான் ஆக வேண்டும், ஆபீசின் அனுமதியில்லாமல் லயத்துக்குள் போக முடியாது. கிராணி அவர்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுப்பார். அவரை நான் எவ்வளவு திட்டினாலும் இந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அந்தத் தேத்தண்ணியை அவர் மிக மெதுவாகக் கலக்கச் சொல்வார். அதற்குள் நான் பின்பக்கம் போய், காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க, மணியாக அடிக்கிற தண்டவாளத் துண்டை இரண்டு தட்டுத் தட்டுவேன். லயத்தில் எல்லா ரேடியோவும் ஒரே சமயத்தில் ஊமையாகிவிடும். ரேடியோக்கள் விறகுக் கட்டுக்குள்ளும் கோழிக் கூண்டுக்குள்ளும் போய்விடும். ஆட்கள் வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள்.

அன்றைக்கும் பிற்பகல் மூன்று மணிக்கு வேன் வந்தது. இரண்டு பேர். டிரைவர், அப்புறம் ஐம்பது வயதிருக்கும் ஒரு மலாய்க்கார அதிகாரி. கையில் கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம். நான் பின்னால் போய் இரண்டு தட்டு தட்டினேன். வழக்கம்போல் அவர்களுக்கு மொழி சொல்ல என்னையே கூட அனுப்பினார் கிராணி. வெளிக்காட்டு வேலையாட்களை மேய்க்கிற மண்டோரும் வந்தார்.

மேட்டிலிருந்து லயத்துக்கு இறங்குகிற பாதையில் பாதி வந்தபோதே நான் நின்றுவிட்டேன். லயம் முழுக்க அமைதி. ஒரே ஒரு ரேடியோ மட்டும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அது எங்கள் வீட்டு ரேடியோ.

அடி விழுந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது. மற்ற வீடுகளும் அதற்கு முன்புவரை ரேடியோவை அலறவிட்டிருக்கின்றன. மணி கேட்டதும் அணைத்துவிட்டார்கள். எங்கள் ரேடியோ அவ்வளவு சத்தமாக இருந்ததால் அம்மாவுக்கு மட்டும் மணி கேட்கவில்லை.

அதிகாரிக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. நேராக எங்கள் வீட்டுக்குப் போனார். அம்மா ரேடியோவின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பிடித்திருப்பவள் மாதிரி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று அவர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அவர் அம்மாவின் கையை மெல்ல விலக்கிவிட்டு, குமிழைத் திருகி ரேடியோவை அணைத்தார்.

அப்போதுதான் அக்காவின் குரல் அப்படியே வந்தது.

அது அழுகை இல்லை. அழுகையைத் தாண்டிய ஒரு சத்தம், மூச்சு உள்ளே போகும்போது வருகிற ஊளை. நடுநடுவே மொத்தென்று மரத்தில் ஏதோ மோதியது. ஒவ்வொரு தடவை மோதும்போதும் பத்து வீட்டுப் பலகையும் அதிர்ந்தது. எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய சாமி படம் ஆடியது.

"என்ன சத்தம் அது?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

மண்டோர் முந்திக்கொண்டார். "லாகி பினிலா, துவான். புருஷன் பொண்டாட்டி சண்டை. தினம் உள்ளதுதான்."

அதிகாரி ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி சத்தம் வந்த பக்கம் பார்த்தார். "நான் ரேடியோவுக்காகத்தான் வந்தேன்," என்றார் என்னிடம். நான் ஏதோ கேட்டதுபோல.

நான் ஓடினேன். வாசலில் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி, கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி. அக்கா வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள். பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். மாமா அவள் கூந்தலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். தலையைத் தூணில் மோதுவார், நிறுத்துவார், ஏதோ கேட்பார், பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி குனிந்து பார்ப்பார், மறுபடி மோதுவார். அவள் வலது கை முழங்கைக்குக் கீழே எந்தக் கையும் மடங்காத பக்கம் மடங்கியிருந்தது. அவிழ்ந்த முடியில் ரத்தம் ஒட்டி நூல்நூலாய் இழுபட்டது.

"மாமா! விடுங்க மாமா! செத்துருவா!" என்று கதவை உதைத்தேன்.

கதவு திறந்தது. நான் உள்ளே போவதற்குள் அவர் முட்டி என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று நாக்குமேல் கழன்று விழுந்ததை உணர்ந்தேன். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

"யாராச்சும் வாங்களேன்! பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே!" என்று வாசல் வாசலாகக் கத்தினேன். யாரும் அசையவில்லை. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி மட்டும், தன் வீட்டுப் பலகைக்கு அந்தப் பக்கம்தான் அது நடக்கிறது என்பதால், இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் ஆபீசுக்கு மேடேறி ஓடினேன்.

கிராணி மேசையில் இருந்தார். என் வாயைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"சாவி குடுங்க ஐயா. போலீசுக்குப் பேசணும். அக்காவ அடிச்சே கொன்னுருவான்."

"என்ன பிள்ளை உது, ரத்தம்..."

"சாவி குடுங்க!"

அவர் கை இடுப்புக்குப் போயிற்று, அங்கேயே நின்றது. "உது குடும்ப விசயம் பிள்ளை. உதுக்கெல்லாம் ஒபிஸ் போன் தர ஏலாது. துரை வந்து கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? கொஞ்சம் பொறும். அவர் நாலு மணிக்கு வந்திடுவார்."

கெட்ட மனிதர் இல்லை. துரை இல்லாமல் ஒரு முடிவெடுத்துப் பழக்கமில்லாத மனிதர். அந்த நேரத்தில் எனக்கு இரண்டும் ஒன்றுதான். மேசையில் அவர் கோடு போடுகிற உருளை ரூல்தடி கிடந்தது. எடுத்து அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். ஐயோ என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரிசீவரை எடுத்தேன். கொக்கியைத் தட்டினேன். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. விரலெல்லாம் என் வாய் ரத்தம், வழுக்கியது. நடுவில் எத்தனை என்று தவறிப்போயிற்று. எங்கோ மணி அடித்தது. ஒரு சீனர் எடுத்து, பன்றி எத்தனை வேண்டும் என்று மலாயில் கேட்டார். வைத்துவிட்டு மறுபடி தட்டினேன். இந்தத் தடவை வாய்விட்டு எண்ணினேன். கிராணி உட்கார்ந்த இடத்திலிருந்து என்னோடு சேர்ந்து முணுமுணுப்பாய் எண்ணினார். அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

போலீஸ் கிடைத்தது. நான் சொன்னதை எல்லாம் அந்தக் குரல் பொறுமையாகக் கேட்டது. எந்தத் தோட்டம்? சொன்னேன். அடிப்பது யார்? அவள் புருஷன். குரல் கொஞ்சம் தளர்ந்தது. துரை பேசுகிறாரா? இல்லை, டைப்பிஸ்ட். தோட்டம் தனியார் இடம், துரையைப் பேசச் சொல், இல்லாவிட்டால் அடிபட்டவளை ஸ்டேஷனுக்கு வந்து புகார் எழுதித் தரச் சொல். ஸ்டேஷன் ஏழு மைல். அடிபட்டவளுக்கு அந்த நிமிடம் உயிர் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. போனை வைத்தேனா போட்டேனா என்று நினைவில்லை. லயத்துக்குக் கேட்டு மனுப்போட்ட டெலிபோன் கையில் கிடைத்தும் ஒரு மயிரும் நடக்கவில்லை. ரூல்தடியை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன்.

லயத்தில் அக்கா வீட்டுக் கதவு கீழே கிடந்தது.

நான் இல்லாத நேரத்தில் நடந்ததைப் பின்னால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியே சொன்னாள். "ரேடியோ இல்லாம அதக் கேட்டுக்கிட்டு நிக்க முடியல்லலா. ஒவ்வொரு இடியும் என் மண்டைல விழற மாரி இருக்கு. போடலாம்னாலும் வேன்காரன் நிக்கிறான். என்னா செய்யச் சொல்றே?" அவள்தான் முதலில் காண்டாக் கம்பை எடுத்தாள். இரண்டு பக்கமும் பால்வாளி தொங்கவிட்டுத் தோளில் சுமக்கிற கம்பு அது, நல்ல வைரம் பாய்ந்த மரம். தினமும் காடு முழுக்கச் சுமந்து நடக்கிற பெண்களுக்கு அதைப் பிடிக்கத் தெரியும். அவள் கதவை இடித்ததும் அடுத்த வீட்டுக்காரி வந்தாள். அப்புறம் எல்லோரும்.

நான் போனபோது மாமாவை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். ஆறேழு பெண்கள். யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. வேலை செய்கிற மாதிரி அடித்தார்கள். கம்பு முழங்காலில் விழுந்தபோது உள்ளே ஏதோ உடைந்தது கேட்டது. அவர் தவழப் பார்த்தார். ஒருத்தி கையை மிதித்தாள். ஒரு காது கிழிந்து தொங்கியது. "அக்கா, போதும்க்கா, போதும்," என்று அவர் கெஞ்சினார். அவர் யாரையும் அக்கா என்று கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. நானும் கூட்டத்துக்குள் புகுந்து ரூல்தடியால் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது. மறுபடி அடித்தேன். ஒளிக்காமல் எழுதுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. நிறுத்த மனசில்லை. மண்டோர்தான் என்னைப் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கி விலக்கினார்.

அவர் பிழைத்தார், வாழ்நாள் முழுக்க ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். போலீஸ் வந்து கேட்டபோது டிராக்டரிலிருந்து விழுந்ததாக லயம் முழுக்க ஒரே வாயாகச் சொன்னது. எனக்கு மறுநாளே வேலை போயிற்று.

ஆனால் அன்றைக்கு அக்கா உள்ளே தூணடியில் கிடந்தாள். ஒரு கண் மூடிப்போய் முட்டையளவு வீங்கியிருந்தது. மண்டையில் மூன்று இடத்தில் பிளவு. மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்து லோரிச் சாவி ஆபீசில், லோரியை எடுக்கத் துரை கையெழுத்து வேண்டும். டிராக்டரை ஓட்டுகிறவர் வாசலில் முழங்கால் உடைந்து கிடக்கிறார். நான் அப்போதுதான் உட்கார்ந்து அழுதேன்.

அதிகாரி இவ்வளவு நேரமும் எங்கள் வீட்டு வாசலில் எங்கள் ரேடியோவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பெண்கள் அடித்தபோது தடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. இப்போது டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் தலையை ஆட்டி மறுத்தான். அவர் குரலை உயர்த்தினார். வேன் பின்னோக்கி வந்து லயத்து வாசலில் நின்றது.

"அரசாங்க வேனில் பொதுமக்களை ஏற்றக் கூடாது," என்று அவர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் பின்கதவைத் தானே திறந்தார். "ஏற்றுங்கள்."

வேனுக்குள் பறிமுதல் செய்த ரேடியோக்கள் கிடந்தன. வேறு தோட்டங்களில் எடுத்தவை, ஏழெட்டு இருக்கும், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை. அவற்றை ஓரமாகத் தள்ளி, சாக்கு விரித்து, பெண்கள் அக்காவைப் படுக்கவைத்தார்கள். எங்கள் ரேடியோவை அதிகாரி அவள் கால்மாட்டில் வைத்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அம்மாவை வரச்சொல்லிக் கூப்பிட்டேன். அவள் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. வேன் கிளம்பிவிட்டது.

செம்மண் பாதை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முனகினாள். தார்ச்சாலைக்கு ஏறியதும் முனகல் நின்றது. செத்துவிட்டாளோ என்று குனிந்தேன். திறந்திருந்த ஒரு கண் அசைந்தது. கால்மாட்டில் இருந்த ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்மூட்டு ரேடியோ," என்றாள். வாய் வீங்கியிருந்ததால் சொல் தெளிவாக வரவில்லை.

"ஆமாக்கா. பேசாதே."

"இதோட சத்தந்தான்டி எப்பயும் மொதல்ல ஏறும்." மூச்சு வாங்கினாள். "மத்த ரேடியோல்லாம் அப்புறந்தான். இது ஏறுனதும் எனக்குத் தெரிஞ்சிரும். இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு."

அவள் முகத்தில் வழிந்ததைச் சேலை முனையால் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

"கூட்டி வைக்கிறது யாருடி? அம்மாவா, நீயா?"

அன்றைக்கு அம்மா. மற்ற நாட்களில், ஆபீஸ் விட்டு நான் வீட்டுக்கு வந்த பிறகு என்றால், நான். அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பாள், கண்ணால் எனக்கு ரேடியோவைக் காட்டுவாள். நான் போய்க் குமிழைக் கடைசி வரைக்கும் திருகுவேன். இரண்டு வருடமாகத் திருகியிருக்கிறேன்.

"அம்மாதான்க்கா," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிழைத்து, என்னோடு ஈப்போவுக்கு வந்து, இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தாள். அந்த முப்பது வருடமும் அவள் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சாகக் கிடந்தபோதும் வரவில்லை. நானும் கடைசிவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.